எல்லைப்புற ஸ்டேஷன்களும் நம்ம பிள்ளைகளும்: போலீஸ் மேல் நம்பிக்கை எப்படி வரும்?

எல்லைக்காரி (கொழிஞ்சாம்பாறை)

பாலக்காடு மாவட்டத்தில், வேலந்தாவளத்திலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் வரைக்கும் தமிழ்நாட்டு எல்லை ஓரமாக வாழும் நம்மவர்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். நமக்கு வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், வேலைக்குக் கோயம்புத்தூரோ பொள்ளாச்சியோ. இந்த ஊர்களில் ஒரு லெஸ்பியன் பெண்ணுக்கோ கே ஆணுக்கோ ஆபத்து வந்தால் ஸ்டேஷன் படி ஏறலாமா? கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் 'வேண்டவே வேண்டாம்' என்றுதான் பதில் வருகிறது.

எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள். இருவரும் மேஜர். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஸ்டேஷன் பெயர் சொல்ல மாட்டேன். ஒருத்தி நம்ம பக்கம், இன்னொருத்தி பொள்ளாச்சி பக்கம். கோவையில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நம்ம பக்கத்துப் பெண்ணின் வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். 'ஒரு கையெழுத்துதான், வந்துட்டுப் போயிடும்மா' என்று போன் வந்தது. நம்பிப் போனாள். முன்னறையில் அப்பா, மாமா, அண்ணன், தெருக்காரர்கள் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் நின்றுகொண்டு பதில் சொன்னாள். 'அந்தப் பொண்ணுக்கும் உனக்கும் என்ன?' என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டார்கள். அப்புறம் மலையாளத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள். அவள் மலையாளம் சரளமாகப் பேசுவாள். ஆனால் படித்தது தமிழ் மீடியம், வாசிக்க வராது. கையெழுத்துப் போட்டாள். பெற்றோருடன் போகச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது, காரில் ஏற்றிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. வீட்டை விட்டு மறுபடி வெளியே வரப் பல மாதம் ஆனது.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்து, அதிகாரி வந்து வாழ்த்திப் பேசிவிட்டுப் போவதால் இந்த நம்பிக்கை வரப்போவதில்லை. காணவில்லை என்று ஒரு புகார் வந்த அன்றைக்கு அந்த மேஜைக்குப் பின்னால் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்துத்தான் வரும். உங்கள் அனுபவத்தையும் யோசனையையும் எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம்.

பனங்காட்டான் (வாளையார்)

அக்கா, பெண்களுக்கு வீட்டால் ஆபத்து. எங்களைப் போன்ற ஆண்களுக்கு ரோட்டிலேயே ஆபத்து. டேட்டிங் ஆப்பில் பேசிப் பழகி, ஹைவேயை ஒட்டி ஒரு இடத்துக்கு வரச் சொல்லுவார்கள். போனால் மூன்று நான்கு பேர் நிற்பார்கள். போனைப் பிடுங்கி, லாக்கைத் திறக்க வைத்து, ஜிபேயில் இருப்பதையெல்லாம் மாற்றிக்கொள்வார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி வீடியோ எடுப்பார்கள். அடுத்த வாரமும் பணம் கேட்டுப் போன் வரும். அவர்களுக்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது? நாங்கள் ஸ்டேஷனுக்குப் போக மாட்டோம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

என் கூட்டாளி ஒருவன் துணிந்து போனான். 'அந்த நேரத்துல அங்க நீ எதுக்குப் போனே?' இதுதான் முதல் கேள்வி. பறித்தவன் யார், வண்டி நம்பர் என்ன, பணம் எந்த நம்பருக்குப் போனது, எல்லாம் அதற்கப்புறம்தான். அதையும் பொறுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டு நாள் கழித்து யூனிஃபார்மில் ஒரு போலீஸ்காரர் பைக்கில் அவன் வீட்டு வாசலுக்கே வந்து, 'ஆப் கேஸ் சம்பந்தமா உங்க பையனை வரச் சொல்லுங்க' என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். வந்தவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சந்தில் அவன் குடும்பம் அதற்கப்புறம் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை. அவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான்.

போலீஸை நம்பச் சொல்லி எங்களிடம் கேட்காதீர்கள். நேராக வக்கீல், நேராகக் கோர்ட், அதுதான் பாதுகாப்பு.

பழைய ஏ.எஸ்.ஐ. (சித்தூர் தாலுகா)

நான் கேரள போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவன், வீட்டில் தமிழ். உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கேரளத்தில் ஆளைக் காணவில்லை என்று யார் வந்து சொன்னாலும், கேரள போலீஸ் சட்டம் 2011, பிரிவு 57-இன் கீழ் எஃப்.ஐ.ஆர். போட்டுத் தேட வேண்டும். போட்டாயிற்று என்றால் அந்த ஃபைல் ஸ்டேஷனின் தலையில் தொங்கிக்கொண்டே இருக்கும். வாராந்தர கூட்டத்தில் 'அந்த மிஸ்ஸிங் என்னாச்சு?' என்று மேலே இருந்து கேட்பார்கள். இந்தப் பக்கம் அப்பா தினமும் வந்து உட்கார்ந்திருப்பார், கூடவே வார்டு மெம்பர், கட்சிக்காரர். பெண்ணைக் கண்டுபிடித்து அப்பா கையில் கொடுத்தால் எல்லார் வாயும் அடங்கும், ஃபைலும் முடியும். வெறுப்பால் நடப்பதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்த வரை பாதிக்கு மேல் இந்த 'முடித்துவிடு' அவசரத்தால் நடப்பது.

பதினெட்டு வயது தாண்டியவரை யாரிடமும் 'ஒப்படைக்க' போலீஸுக்கு அதிகாரம் கிடையாது. கண்டுபிடித்தால் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும். அங்கே அந்தப் பெண் 'நான் என் இஷ்டப்படி இருக்கிறேன்' என்று சொன்னால் அவள் போக்கில் போகலாம். எல்லைக்காரி சொன்ன வழக்கில் மாஜிஸ்திரேட் வரைக்கும் போகாமல் முன்னறையிலேயே பேசி முடித்திருக்கிறார்கள். அங்கேதான் தப்பு.

வீட்டை விட்டுப் போக முடிவு செய்தவர்கள் போவதற்கு முன்பே ஒரு கடிதம் எழுதுங்கள். 'நான் காணாமல் போகவில்லை, மேஜர், என் விருப்பப்படி போகிறேன், வீட்டாரால் ஆபத்து வரலாம்' என்று கைப்பட எழுதி, ஆதார் நகலோடு ஸ்டேஷன் பொறுப்பாளரான எஸ்.எச்.ஓ.வுக்கும் ஜில்லா எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மெயிலிலும் அனுப்புங்கள். தங்கும் முகவரி எழுத வேண்டாம். வக்கீல் முகவரி போதும். அந்தக் கடிதம் ஃபைலில் இருந்தால், ஃபைலை முடிக்க எஸ்.எச்.ஓ.வுக்கே அது ஒரு பிடிமானம்.

கறுப்புக் கோட்டு (பாலக்காடு)

சட்டம் எங்கே நிற்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தெரிந்துகொண்டு போனால் குரல் நடுங்காது.

2018 செப்டம்பர் 6, நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கு. மேஜர்கள் இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பில் நீதிபதி நாரிமன் எழுதிய பகுதியில், இந்தத் தீர்ப்பை மக்களிடம் பரவலாகக் கொண்டுபோக வேண்டும், அரசு ஊழியர்களுக்கு, குறிப்பாகப் போலீஸாருக்கு, அவ்வப்போது பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது.

அடுத்தது சென்னை உயர் நீதிமன்றம், சுஷ்மா வழக்கு, 2021 ஜூன் 7. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள், அவர்கள் பின்னாலேயே காணவில்லை புகார்கள். நமக்கு அப்படியே பொருந்துகிற கதை. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு எழுதும் முன் தானே ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து, இந்த விஷயத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். அப்புறம் இட்ட உத்தரவு: காணவில்லை புகார் வந்து, விசாரணையில் அவர்கள் தன்பாலீர்ப்பாளர்கள், மேஜர்கள், சம்மதத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொல்லை தராமல் புகாரை முடித்துவிட வேண்டும். 'மாற்றிவிடுகிறோம்' என்று செய்யும் சிகிச்சைக்கும் அதே தீர்ப்பில் தடை. அதைத் தொடர்ந்து 2022-இல் தமிழ்நாடு சார்நிலைப் போலீஸ் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதி சேர்த்தார்கள். இந்தச் சமூகத்தவரையோ அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ எந்தப் போலீஸ்காரரும் தொல்லைப்படுத்தக் கூடாது என்கிறது அது. மீறினால் துறை நடவடிக்கைக்கு இடம் உண்டு.

ஆனால் 24-சி வாளையாருக்கு அந்தப் பக்கம்தான் செல்லும். இந்தப் பக்கம் கைகொடுப்பது உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 11 அன்று தேவு ஜி. நாயர் வழக்கில் தந்த வழிகாட்டுதல். கேரளத்திலிருந்து போன வழக்கு அது. அடைத்து வைக்கப்பட்டவரின் விருப்பத்தை வீட்டார் இல்லாத இடத்தில், தனியாகக் கேட்க வேண்டும். உறவின் தன்மையைத் துருவக் கூடாது. கவுன்சிலிங் என்ற பெயரில் மனதை மாற்றப் பார்க்கக் கூடாது. ஜோடி பாதுகாப்புக் கேட்டு வந்தால், ஆபத்தை முழுதாக நிரூபிக்கும் வரை காத்திராமல் இடைக்காலப் பாதுகாப்புத் தர வேண்டும். இவை கோர்ட்டுகளுக்குச் சொன்னவை. ஆனாலும் ஸ்டேஷனில் எடுத்துக் காட்டினால் மதிப்பு உண்டு.

எல்லைக்காரி சொன்ன அந்த மலையாளத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புலன்விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 181. பெண்ணை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது, அவள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், பிரிவு 179. 'வந்துட்டுப் போயிடும்மா' என்ற போனுக்கு இனி யாரும் தனியாகப் போகாதீர்கள். ஜில்லா சட்டப் பணிகள் ஆணையத்தில் வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

மீனாட்சிபுரம் அம்மா

எல்லாரும் படித்தவர்கள், நியாயம் பேசுகிறீர்கள். நான் ஒரு பெண்ணைப் பெற்றவள். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்ப வேண்டிய பிள்ளை வரவில்லை, போன் ஸ்விட்ச் ஆஃப். என்னவோ ஏதோ என்று ஸ்டேஷனுக்கு ஓடக் கூடாதா? ஓடினால் நான் கெட்டவளா? என் பொண்ணு யாரோடு இருக்கிறாள் என்பது எனக்கு அப்புறம். உயிரோடு இருக்கிறாளா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு உங்கள் சட்டத்தில் என்ன வழி?

எல்லைக்காரி (கொழிஞ்சாம்பாறை)

அம்மா, நீங்கள் ஓடியதில் ஒரு குற்றமும் இல்லை. தேட வேண்டியது போலீஸ் வேலை, தேடட்டும். கண்டுபிடித்த பிறகு அவளைத் தனியாகச் சந்தித்துப் பேசிவிட்டு, 'உங்க பொண்ணு நல்லா இருக்கா, நானே நேரில் பார்த்தேன், இப்போதைக்கு வீட்டுக்கு வர அவளுக்கு இஷ்டமில்லை' என்று உங்களிடம் வந்து சொல்லலாம். அவள் சம்மதித்தால் அங்கிருந்தே உங்களோடு போனில் பேச வைக்கலாம். முகவரியை மட்டும் தரக் கூடாது. இது நடந்தால் உங்களுக்கும் தூக்கம் வரும், அவளுக்கும் பயம் போகும். இன்றைக்கு எந்தப் பிள்ளையும் 'நான் நல்லா இருக்கேன்' என்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டுச் சொல்லத் துணிவதில்லை. போட்டால் டவர் பார்த்து அரை மணியில் கார் வந்து நிற்கும் என்ற பயம்.

மீனாட்சிபுரம் அம்மா

சரி கண்ணு. அப்படி ஒரு போலீஸ்காரர் வந்து சொன்னால் நான் நம்புவேன். எங்க வீட்டு ஆம்பளைகள் நம்புவார்களா என்று தெரியாது.

ஸ்கார்பரோ தமிழன் (டொரன்டோ)

பாலக்காட்டில் பிறந்து இங்கே வந்து குடியேறியவன். நம்பிக்கை அறுந்துபோனால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் கண்ணால் கண்டோம், அதனால் எழுதுகிறேன்.

2010-லிருந்து 2017 வரை டொரன்டோவில் எட்டு ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலானோர் கே ஆண்கள் கூடும் தெருக்களோடு தொடர்புள்ளவர்கள். பெரும்பாலும் தெற்காசிய, மத்தியக் கிழக்கு வம்சாவளியினர். இருவர் ஈழத் தமிழர்கள். ஒருவர் ஸ்கந்தராஜ் நவரத்தினம், 2010-இல் காணாமல் போனார். இன்னொருவர் கிருஷ்ணகுமார் கனகரத்தினம், அதே 2010-இல் எம்.வி. சன் சீ கப்பலில் வந்து இறங்கிய அகதி. அவருடைய அகதி மனு தள்ளுபடி ஆகியிருந்தது. நாடு கடத்தலுக்குப் பயந்து எங்கோ ஒளிந்திருக்கிறார் என்று குடும்பம் நினைத்துக்கொண்டது. அவரைக் காணவில்லை என்று போலீஸில் ஒரு புகார்கூட இல்லை. கொன்ற புரூஸ் மெக்கார்தர் 2018 ஜனவரியில் பிடிபட்ட பிறகுதான் அவர் இறந்ததே உலகத்துக்குத் தெரிந்தது.

அந்தச் சமூகத்து ஆட்கள் வருடக் கணக்காக 'எங்கள் ஆட்களை யாரோ கொல்கிறான்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2017 டிசம்பரில்கூடத் தொடர் கொலையாளி இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் போலீஸ் தலைவர் பேசினார். இத்தனைக்கும் மெக்கார்தரை 2013-லேயே ஒருமுறை கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி குளோரியா எப்ஸ்டீன் விசாரித்து 2021-இல் பெரிய அறிக்கை தந்தார். காணாமல் போனவர்கள் வழக்கைப் போலீஸ் எப்படி நடத்துகிறது என்பதுதான் அதன் மையம். எல்லைக்காரி சொல்லும் இடத்துக்கே அந்த அறிக்கையும் வந்து சேர்கிறது.

இந்த அவநம்பிக்கைக்குப் பழைய வேர் உண்டு. 1981 பிப்ரவரி 5 இரவு கே ஆண்கள் போகும் குளியல் விடுதிகளில் டொரன்டோ போலீஸ் புகுந்து சுமார் 300 பேரைக் கைது செய்தது. அதற்குப் போலீஸ் தலைவர் வருத்தம் தெரிவித்தது 2016-இல். முப்பத்தைந்து வருடம். அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகள் எந்தத் துணிவில் ஸ்டேஷனுக்குப் போவார்கள்?

பனங்காட்டான் (வாளையார்)

புகாரே இல்லாமல் ஒருத்தர் போய்ச் சேர்ந்திருக்கிறார். நானும் அறையில் தனியாக இருப்பவன். இதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், என் கூட்டாளி கதை மாதிரி நடந்தால் வீட்டுக்குத் தெரியாமல் புகார் கொடுக்க வழி இருக்கிறதா? வக்கீல் சார் சொல்லுங்கள்.

கறுப்புக் கோட்டு (பாலக்காடு)

இருக்கிறது. பணம் பறிபோன உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்தக் கணக்கில் இருக்கும் பணத்தை முடக்கப் பார்ப்பார்கள். சாட், போன் நம்பர், யு.பி.ஐ. பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காதீர்கள். அழிக்கத்தான் கை முதலில் போகும்.

சம்பவம் வாளையாரில் நடந்தது, நீங்கள் கோவையில் இருக்கிறீர்கள் என்றால் கோவையிலேயே கொடுக்கலாம். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173-இன்படி 'இது எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. பதிந்துகொண்டு அவர்கள்தான் உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். மிரட்டிப் பணம் பறிப்பதற்குப் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். பிரிவு 308. புகாரில் நீங்கள் யாரை விரும்புகிறீர்கள் என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்த ஒருவரைப் பார்க்கப் போனேன், வழிமறித்துப் பறித்தார்கள், அவ்வளவுதான். தொடர்பு முகவரியாக வக்கீல் ஆபீஸைக் கொடுங்கள். 'வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், இந்த நம்பரில் கூப்பிட்டால் வருகிறேன்' என்று புகாரிலேயே எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே உத்தரவில் அந்தரங்கமான வழக்குகளுக்கு விலக்கும் உண்டு. டி.எஸ்.பி. நிலையிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரி முடிவு செய்யலாம். அதையும் எழுதிக் கேளுங்கள்.

ஒரு பெரிய ஓட்டை இருப்பதையும் மறைக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பி.என்.எஸ். வந்தது. ஆண் மேல் நடக்கும் பலாத்காரத்துக்கும் போடப்பட்டு வந்த பழைய 377-ஆம் பிரிவு அதில் முழுவதுமாக இல்லை. ஒரு ஆணை இன்னொரு ஆண் பலாத்காரம் செய்தால் நேராகப் பொருந்தும் பிரிவு இன்று கிடையாது. அடிதடி, அடைத்து வைத்தல், மிரட்டல் என்று சுற்றிவளைத்துத்தான் போட வேண்டும். போலீஸைக் கேட்டுப் பயனில்லை, நாடாளுமன்றம் சரிசெய்ய வேண்டியது இது. ஆனால் ஸ்டேஷனில் 'உனக்கு செக்‌ஷன் இல்லை' என்று சொல்லி ஒருவனை அனுப்பும்போது பழி அந்தப் போலீஸ்காரர் மேல்தான் விழுகிறது.

குடியாத்தத்துக்காரி

நான் ஆந்திர எல்லை. எங்கள் வேலூர் மாவட்டத்தில் ஒரு பெண்ணை வீட்டார் அடைத்து வைத்த வழக்கில் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அவளை விடுவித்தது. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன். பிறந்த வீடு மட்டும்தான் குடும்பம் என்றில்லை, தேர்ந்தெடுத்துச் சேர்ந்தவர்களும் குடும்பம்தான் என்ற கருத்தை அதில் ஏற்றுக்கொண்டார்கள். உதவி கேட்டும் போலீஸ் அக்கறையில்லாமல் நடந்துகொண்டதையும் கண்டித்தார்கள். 24-சி வந்து மூன்று வருடம் கழித்தும் இந்த நிலைமை. விதி புத்தகத்தில் இருக்கிறது, பாரா டியூட்டியில் இருப்பவருக்கு யார் போய்ச் சொன்னார்கள்? அதனால் கேட்கிறேன், கோர்ட் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நாமே போய்ப் பேசினால் என்ன?

பழைய ஏ.எஸ்.ஐ. (சித்தூர் தாலுகா)

அதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். கேரளத்தில் 2008-லிருந்து ஜனமைத்ரி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பீட் ஆபீசர் வீடு வீடாகப் போய்ப் பழகுவார், ஸ்டேஷனில் சி.ஆர்.ஓ. என்று மக்கள் தொடர்புக்கு ஒருவர் இருப்பார், ஊர்க்காரர்களோடு சமிதிக் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்தில் தெருவிளக்கு, மணல் லாரி, கஞ்சா என்றெல்லாம் பேசுவோம். தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளின் பாதுகாப்பை யாரும் எடுத்தது எனக்கு நினைவில்லை. எடுத்துவிட்டால் மினிட்ஸில் ஏறும், மேலே போகும்.

வாய் வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். மேஜரான ஆள் வந்தால் தனி அறையில், வீட்டார் இல்லாமல் பேச வேண்டும். வாக்குமூலம் அவர் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்க வேண்டும். நம்ம ஸ்டேஷன்களில் தமிழ் தெரிந்த சி.பி.ஓ.க்கள், அதாவது சாதாரணப் போலீஸ்காரர்கள், இருக்கிறார்கள், முடியாத காரியமில்லை. 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டமே மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் மனுக் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் இடம் தருகிறது. எல்லை தாண்டிய வழக்கில், தமிழ்நாட்டு ஸ்டேஷனில் 'ஆள் பத்திரம்' என்று பதிவாகியிருந்தால் அதை இங்கேயும் ஏற்க வேண்டும். இப்போது அந்த ஸ்டேஷன் முடித்ததை இந்த ஸ்டேஷன் திறக்கிறது, நடுவில் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

பனங்காட்டான் (வாளையார்)

சார், 'வீட்டு வாசலுக்கு யூனிஃபார்மில் ஆள் அனுப்பக் கூடாது' என்பதையும் சேருங்கள். நான் போலீஸை இன்னும் நம்பவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் என் கையெழுத்தையும் போடுகிறேன். சொந்தப் பெயரில் இப்போதைக்கு முடியாது.

கறுப்புக் கோட்டு (பாலக்காடு)

உங்கள் பெயர் வேண்டாம். நான் வக்கீல் என்ற முறையில் என் பெயரில் கொடுக்கிறேன், கூடவே லெஸ்பியன் பெண்களோடு நீண்ட காலமாக வேலை செய்யும் சகயாத்ரிகா அமைப்பிடமும் பேசிப் பார்க்கலாம். எல்லைக்காரி, நீங்கள் சொன்ன பெண்கள் சம்மதித்தால் அந்தத் தாள் விஷயத்தைப் பெயர் இல்லாமல் மனுவில் ஒரு பத்தியாகச் சேர்ப்போம்.

எல்லைக்காரி (கொழிஞ்சாம்பாறை)

கேட்டேன். இருவரும் சரி என்றார்கள். ஊர் பெயரும் வருடமும் மட்டும் வேண்டாமாம். மனுவைத் தமிழில் நான் எழுதுகிறேன், மலையாளத்தில் ஏ.எஸ்.ஐ. சார் பார்த்துக்கொடுங்கள். பாலக்காடு எஸ்.பி.க்கு ஒன்று, கோவை மாவட்ட எஸ்.பி.க்கு ஒன்று, சமிதிக் கூட்டத்துக்கு ஒன்று. மீனாட்சிபுரம் அம்மா, பெற்றவர்கள் சார்பில் நீங்கள் இரண்டு வரி எழுதித் தந்தால் மனுவுக்குப் பலம் கூடும்.

மீனாட்சிபுரம் அம்மா

நான் சொல்கிறேன், நீ எழுதிக்கோ கண்ணு. 'எங்க பிள்ளை பத்திரமா இருக்குன்னு எங்ககிட்ட வந்து சொல்லுங்க. பிள்ளையை இழுத்துட்டு வரச் சொல்லி நாங்க கேட்கல.' என் பெயரைப் போடலாம், எனக்குப் பயமில்லை.

பழைய ஏ.எஸ்.ஐ. (சித்தூர் தாலுகா)

அம்மா சொன்னதை அப்படியே முதல் பத்தியாக வையுங்கள். மனுவைக் கொடுக்கும்போது நகலில் ரசீது முத்திரையும் தேதியும் வாங்க மறக்க வேண்டாம். சி.ஆர்.ஓ.விடம் அடுத்த சமிதிக் கூட்டம் என்றைக்கு என்று கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.